துணி வில்லைக்கு எதைத் தடவுவது: தண்டையார்பேட்டைப் பட்டறையிலிருந்து ஓர் ஒப்பீடு

என் அக்கா மகன் பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறான். போன ஐப்பசியில் ஒரு துப்பாக்கி வாங்கினான். 18ஆம் நூற்றாண்டு மாதிரியை வைத்து இப்போது செய்து விற்கிறார்களே, அந்த வகை. குழாயின் வாய் வழியாகக் கரிமருந்து என்ற பழைய வெடிமருந்தைக் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்கி, சக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்க வைக்க வேண்டும். நம் கிராமத்துப் பக்கம் கொக்கு சுட்டவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிக்கு இது பெரியப்பா முறை. அந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, கல் துப்பாக்கிக்கென்றே ஒரு மான் வேட்டைப் பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள். பையனுக்கு அதில்தான் கண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு அழைத்தான். அங்கே காலை பத்து. "மாமா, குண்டைச் சுற்றுகிற துணிக்கு என்ன தடவுவது? இங்கே பத்துப் பேரைக் கேட்டால் பன்னிரண்டு பதில் வருகிறது" என்றான்.

நான் துப்பாக்கி சுட்டவனில்லை. கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததோடு சரி. இங்கே நாட்டுத் துப்பாக்கியாக இருந்தாலும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அங்கே 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இந்த வகையைப் பழம்பொருளோடு சேர்த்து, மற்றத் துப்பாக்கிகளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஆனால் எண்ணெயும் கிரீசும் எனக்குப் பிழைப்பு. முப்பது ஆண்டுகளாக டி.எச். ரோட்டுக்கு உள்ளே ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். காசிமேட்டுப் படகுகளின் புரொபெல்லர் தண்டு தேய்ந்து வந்தால் கடைந்து கொடுப்பதுதான் பாதி வேலை. உப்புக்காற்றில் எது துருப்பிடிக்கும், எது பிடிக்காது என்று என்னைக் கேட்கலாம். அந்தத் தைரியத்தில் அவனுக்குப் பதில் சொன்னேன். முதல் பதிலே தவறு. அதற்கு முன், அந்தத் துணி அங்கே என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

குண்டு என்பது சுத்த ஈயத்தில் வார்த்த உருண்டை. அவனுடைய குழாயின் உள்விட்டம் அரை அங்குலம், லேத் கணக்கில் 500 தவ். அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு தவ். உருண்டையின் விட்டம் 490 தவ். ஆக, பக்கத்துக்கு 5 தவ் இடைவெளி. குழாயின் உட்சுவரில் திருகுபோலச் சுழன்று போகும் பள்ளங்கள் வெட்டியிருக்கும். உருண்டை அவற்றைத் தொடுவதே இல்லை. தொடுவது துணிதான். 15 முதல் 18 தவ் கனமுள்ள பருத்தித் துணியை வில்லையாக நறுக்கி, குழாய் வாயில் விரித்து, நடுவில் உருண்டையை வைத்து அழுத்துகிறார்கள். துணி உருண்டையைக் கவ்வியபடியே பள்ளங்களுக்குள் நசுங்கி இறங்குகிறது. வெடிக்கும்போது ஆவி பக்கவாட்டில் நழுவிவிடாமல் அடைப்பதும் உருண்டையைச் சுழல வைப்பதும் அந்தத் துணியே. குழாயை விட்டு வெளியே வந்ததும் அது பிரிந்து விழுந்துவிடும்.

அடிபம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பம்பின் உருளைக்குள் தோல் வாஷர் செய்கிற வேலையைத்தான் இங்கே துணி செய்கிறது. வாஷர் காய்ந்து போனால் எத்தனை அடி அடித்தாலும் தண்ணீர் ஏறாது. ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றி வாஷரை ஊற வைத்த பிறகுதான் பம்பு பேசும். இந்த ஊற்றுகிற தண்ணீரை அன்றே நினைத்திருந்தால் முதல் பதிலில் வழுக்கியிருக்க மாட்டேன்.

நான் சொன்னது கிரீஸ். "பேரிங்குக்குப் போடுகிற நல்ல கிரீஸ் ஒரு டப்பா வாங்கு, கிடைக்காவிட்டால் பெட்ரோலியம் ஜெல்லி தடவு. வழுவழுவென்று இறங்கும்" என்றேன். வட சென்னைக்காரன் வேறு எதைச் சொல்வான்? 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததுதான் என் தாத்தாவுக்குச் சொல்லத் தெரிந்த ஒரே உலகப் போர். மணலி சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் கச்சா எண்ணெயைக் காய்ச்சுகிறது. மசகு எண்ணெய்க்கான மூல எண்ணெயும் பாரஃபின் மெழுகும் அங்கே வருகின்றன. பெட்ரோலிய வாசனையிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள்.

அடுத்த ஞாயிறு வந்த அழைப்பில் பையனின் குரலே சரியில்லை. முதல் குண்டு வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியிருக்கிறது. மூன்றாவது கொஞ்சம் முரண்டு பிடித்திருக்கிறது. ஆறாவது, குழாயின் பாதியில் நின்றுவிட்டது. கோலில் உடம்பின் எடையைப் போட்டும் நகரவில்லை. இது வெறும் எரிச்சலோடு போகிற விஷயமில்லை. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கும்போது வெடித்தால் குழாய் அந்த இடத்தில் உப்பிப் போகலாம், பிளந்தும் போகலாம். குண்டு மருந்தின் மேல் அழுந்தி உட்கார்ந்தே ஆக வேண்டும். நல்லவேளை, பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இருந்திருக்கிறார். கோலின் நுனியில் திருகாணி மாட்டி, ஈயத்துக்குள் திருகி, இழுத்து எடுத்துக் கொடுத்தாராம். உள்ளே தேய்த்த துணியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். தார்ச்சாலை போடும் இடத்தில் செருப்பில் ஒட்டுமே, அப்படி ஒரு கறுப்புப் பிசின்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. கிரீஸ் எப்படித் தோற்கும்?

விடை என் வீட்டு வாசலிலேயே வருடா வருடம் கிடந்திருக்கிறது. தீபாவளி இரவு பட்டாசு வெடித்த இடத்தை மறுநாள் விடிகாலையில் பார்த்திருப்பீர்கள். இரவில் உலர்ந்த சாம்பலாக இருந்தது காலையில் ஈரித்து, பிசுபிசுத்து, அழுகிய முட்டை நாற்றத்தோடு தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெருக்கினால் போகாது, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் ஓடிவிடும். கரிமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 பங்கு கலந்தது. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் ஆவியாகாமல் திடக் கசடாகக் குழாயிலும் புகையிலும் தங்கிவிடுகிறது. அந்தக் கசடு பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட்டும் சல்ஃபேட்டும் போன்ற உப்புகள். உப்பு எண்ணெய்க்கு மசியாது, தண்ணீருக்கு மசியும். என் கிரீஸ் அந்தக் கசட்டோடு சூட்டில் வெந்து பிசினாகிவிட்டது. இன்றைய தோட்டாக்களில் வேறு மருந்து. கசடு மிகக் குறைவு, பெட்ரோலிய எண்ணெய் அங்கே பொருந்தும். கரிமருந்தின் நியாயம் வேறு.

அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டேன். எது அதிகம் வழுக்கும் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, முந்தின குண்டு விட்டுப்போன கசட்டை எது இளக்கி வைத்திருக்கும் என்று பார்க்க ஆரம்பித்தேன். துணி கருகாமல் காப்பதும் குழாயைத் துருவிலிருந்து காப்பதும் அதற்கு அடுத்தவை. பரிசோதனையைப் பங்கிட்டுக்கொண்டோம்: சுடுவது அவன், மற்றதெல்லாம் நான்.

முதலில் எச்சில். சிரிக்க வேண்டாம். காசு செலவில்லாத இந்த மசகுதான் உலகத்திலேயே பழையது. துணி வில்லையை வாயில் அதக்கி ஈரமாக்கி அப்படியே குழாய் வாயில் வைக்கிறார்கள். தையற்காரர் நூல் நுனியை உதட்டில் வைத்து ஊசியில் கோர்க்கிற அதே கைப்பழக்கம். எச்சிலில் கிட்டத்தட்ட 99 பங்கு தண்ணீர்; கசட்டைக் கரைக்க இதைவிட என்ன வேண்டும்? இலக்குப் பலகையை நோக்கி நிமிடத்துக்கு ஒன்றாகச் சுடுகிறவர்களில் பலர் வேறெதையும் தொடுவதில்லையாம். பையனுக்கும் நன்றாகவே வந்தது. ஆனால் கெட்டித்து வைத்துவிட்டு மரத்தடியில் மூன்று மணி நேரம் மானுக்குக் காத்திருந்தால் கதை வேறு. துணி காய்ந்துவிடும், அது தொட்டுக்கொண்டிருந்த மருந்து நமுத்துவிடும், அதே இடத்தில் குழாயில் ஒரு துரு வளையமும் விழும். எச்சிலைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சோப்புத் தண்ணீரும் இதே சாதி, கொஞ்சம் கூடுதலாக வழுக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது என் பட்டறைப் பால். லேத்தில் இரும்பு கடையும்போது கத்திமுனை சூடேறாமல் இருக்க வெள்ளையாக ஒன்று ஊற்றுவோம். தண்ணீரில் கரைகிற கட்டிங் ஆயில். இருபது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு எண்ணெய் விட்டுக் கலக்கினால் பசும்பால் நிறம் வரும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களை "டீக்கு ஊற்றிக்கொள்" என்று ஏய்ப்பது எங்கள் தொழிலின் மரபு. அமெரிக்கர்கள் இதையே துணிக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று மருமகன் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு அல்லது ஏழு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்து, துணியை நனைத்து, பிழிந்து, காய வைக்கிறார்கள். தண்ணீர் போய்விடும், எண்ணெய் மட்டும் இழைக்குள் மெல்லிய படலமாகத் தங்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவான பாலிஸ்டால் என்ற எண்ணெயும் தண்ணீரோடு இப்படிப் பாலாகக் கலக்கிற வகைதான். அங்கே பலரும் அதைத்தான் வாங்குகிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அதைத் தவறவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நனைத்த துணியை மாடிக் கொடியில் போட்டுக் காயவைத்தேன். காய்ந்தபின் எடுத்துத் தொட்டுப் பார்த்தால் கீழ்ப்பாதி எண்ணெய்ப் பிசுக்கு, மேல்பாதி வெறும் துணி. எண்ணெய் முழுவதும் கீழே வடிந்திருக்கிறது. இதை நறுக்கினால் ஒரு வில்லைக்கும் அடுத்த வில்லைக்கும் பொருத்தமே இருக்காது. குண்டு ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே போகும். சமமான தகரத்தில் விரித்து, கிடையாகத்தான் காயவைக்க வேண்டும். அப்படிச் செய்த துணியில், இடையில் குழாயைத் துடைக்காமலே பன்னிரண்டு குண்டுகளை ஒரே மாதிரி இறக்கினேன் என்று பையன் சொன்னான். எண்ணெயின் விகிதத்தை ஏழிலிருந்து ஐந்தாக்கிப் பார்த்தபோது, குண்டுகள் விழுந்த வட்டம் அகன்றிருக்கிறது. விகிதத்தை மாற்றி மாற்றித் தனக்குத் தோதானதைத் தேடிக்கொள்ள முடிவது இந்த முறையின் வசதி.

இதுவும் பெட்ரோலிய எண்ணெய்தானே என்று என்னை மடக்கலாம். மூலம் அதுதான். ஆனால் தண்ணீரோடு சேர்வதற்கென்றே அதில் சோப்பு மாதிரி ஒரு சரக்கு சேர்த்திருக்கிறார்கள். துணியில் தங்குவதும் மிகமிகக் கொஞ்சம். கிரீஸ் அப்பியதற்கும் இதற்கும் வடையை எண்ணெயில் போடுவதற்கும் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதற்கும் உள்ள தூரம்.

இனி கொழுப்பு. இந்தப் பேச்சை எடுத்தாலே நம் நாட்டுக்காரனுக்கு 1857 நினைவுக்கு வரும். அன்றைய என்ஃபீல்டு துப்பாக்கியில் துணிக்குப் பதில் மசகு தடவிய காகிதப் பொட்டலம். அதைப் பல்லால் கடித்துப் பிரித்து மருந்தைக் கொட்ட வேண்டும். மசகு பசுவின் கொழுப்பா, பன்றியின் கொழுப்பா என்ற பேச்சு ஜனவரியில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம்மில் கிளம்பியது. அந்த மாதம் முடிவதற்குள் அரசு இறங்கி வந்தது: மசகில்லாமல் தருகிறோம், உங்களுக்கு விருப்பமானதை நீங்களே தடவிக்கொள்ளுங்கள் என்றது. யாரும் நம்பவில்லை. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் பொட்டலத்தைத் தொட மறுத்தார்கள். மே 10 அன்று படை எழுந்தது. காரணங்கள் பல இருந்தன, மசகு பற்றவைத்தது. இதற்கு 51 ஆண்டுகளுக்கு முன், 1806 ஜூலை 10 அன்று, வேலூரில் தலைப்பாகையில் தோல் வைத்ததற்காக ஒருமுறை பற்றியிருந்தது. இருந்தும் கம்பெனிக்காரனுக்குப் பாடம் ஏறவில்லை. இந்த ஒப்பீட்டில் 'தடவுகிறவன் மனம் ஒப்ப வேண்டும்' என்பதையும் நான் ஒரு தகுதியாகச் சேர்த்திருக்கிறேன், வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கசட்டு விஷயத்தில் கொழுப்பு நல்ல பிள்ளை. தண்ணீரைப்போல் கரைக்காது, ஆனால் கிரீஸ்போல் பிசினாக்காது, இளக்கியே வைத்திருக்கும். காய்ந்துபோகாது என்பதால், காலையில் கெட்டித்ததை மாலையில் சுடலாம். அதன் குணத்தைத் தீர்மானிப்பது உருகுநிலைதான். நெய் நம் உடம்புச் சூட்டுக்குள்ளேயே உருகிவிடும். சென்னைச் சித்திரையில் டப்பாவைத் திறந்தால் குழம்புதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உறையும். இங்கே ஆண்டு முழுவதும் எண்ணெயாகவே பார்த்துப் பழகியதை, அங்கே மருமகன் டிசம்பரில் கத்தியால் செதுக்கி எடுக்கிறான். ஆட்டுக் கொழுப்பு 45 டிகிரிக்கு மேல்தான் முழுவதுமாக இளகும். தேன்மெழுகுக்கு 62 டிகிரியைத் தாண்ட வேண்டும். அப்படியானால் எதையும் தனியாகப் பயன்படுத்துவதில் அர்த்தமில்லை. ஊர்ச்சூட்டுக்குத் தக்கபடி கலப்பதுதான் வழி.

ஆட்டுக் கொழுப்பைப் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் தெரிந்த கடையில் சொல்லிவைத்து வாங்கினேன். சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கொழுப்பு; விரலால் உடைத்தால் சுண்ணாம்புக்கட்டிபோல் உதிரும். பொடியாக நறுக்கி, தண்ணீரில் போட்டு, சிறுதீயில் உருக்கி, துணியில் வடிகட்டி, ஆறவிட்டு, மேலே உறைந்த தட்டை எடுத்து மறுபடியும் தண்ணீரில் உருக்கினேன். இரண்டாம் முறை எதற்கென்றால், ஒட்டிக்கொண்டிருக்கும் சதைத்துணுக்கும் உப்பும் முழுக்க நீங்க. உப்பு ஒரு கல் இருந்தாலும் இரும்புக்கு எமன். அடுக்களையில் தொடங்கிய வேலை பத்தாவது நிமிடத்தில் மொட்டை மாடிக்குத் துரத்தப்பட்டது. அந்த வாடைக்கு நான் மனைவியைக் குறை சொல்ல மாட்டேன்.

எண்ணெய்களில் நல்லெண்ணெயை முதலிலேயே தள்ளினேன். குத்துவிளக்கை ஒரு மாதம் துலக்காமல் விட்டால் தண்டில் அரக்குபோல ஒன்று படிந்து புளியும் சாம்பலும் கேட்குமே, அதுதான் காரணம். காற்றுப் பட்டால் மெல்ல மெல்லப் பசையாகிற எண்ணெய் அது. ஆளிவிதை எண்ணெய் இன்னும் மோசம். அது வார்னிஷுக்கே பிறந்தது. தேங்காய் எண்ணெய் பசையாகாது, நம் ஊருக்கு மிகப் பொருத்தம், பனிக்கு ஆகாது.

விளக்கெண்ணெய்தான் என்னை ஆச்சரியப்படுத்தியது. கெட்டியானது, எளிதில் காயாது, பசையாகாது, பனியிலும் பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே போனால்தான் உறைகிறது. சூட்டில் படலம் அறுவதில்லை. அந்தக் காலத்துப் பந்தய மோட்டார்களிலும் விமான எஞ்சின்களிலும் இதைத்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. மாட்டுவண்டி அச்சுக்கும் குழந்தையின் வயிற்றுக்கும் ஒரே புட்டியைத் தூக்கிய நம் பாட்டிமார்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. நான்கு பங்கு விளக்கெண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு உருக்கிச் சேர்த்தால், ஆறியதும் விரலில் எடுக்கத் தோதான களிம்பு வருகிறது. மெழுகை ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். எதற்கென்று கேட்டார் கடைக்காரர். துப்பாக்கிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "உதட்டுக்கு" என்று சொல்லிவைத்தேன். பொய்யும் இல்லை. லிப்ஸ்டிக் என்று விற்பதிலும் பெரும்பாலும் இந்த எண்ணெயும் மெழுகும்தான்.

திமிங்கில எண்ணெயை அந்தக் காலத்தில் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1970களில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்தது. ஹோஹோபா விதை எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தது. இங்கே அதன் விலைக்கு விளக்கெண்ணெயில் குளிக்கலாம்.

துருச் சோதனைதான் என் கைவரிசை. ஒரே இரும்புத் தண்டிலிருந்து எட்டு வில்லைகள் கடைந்து, ஒரே மாதிரித் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு மசகைத் தடவி, மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்தேன். அங்கிருந்து கடல் நடந்துபோகிற தூரம். காற்றுக்கு வேறு வேலையே கிடையாது. எச்சில் தடவியது மறுநாள் காலையிலேயே பழுப்பாகிவிட்டது. சோப்புத் தண்ணீர் இரண்டாம் நாள். உப்பு வெண்ணெய் ஒன்றையும் வேண்டுமென்றே வைத்திருந்தேன். அது குழிக்குழியாகத் தின்றிருந்தது. நெய் வைத்ததை எறும்பும் காக்கையும் பங்கு போட்டுக்கொண்டதால் சோதனை செல்லாது. கட்டிங் ஆயில் ஒரு வாரம் நின்றது. ஆட்டுக் கொழுப்பும் மெழுகும், விளக்கெண்ணெயும் மெழுகும், இரண்டும் இரண்டு வாரத்துக்குப் பிறகும் முகம் பார்க்கிற மாதிரி இருந்தன. கிரீசும் அப்படித்தான் இருந்தது. இந்த ஒரு பரீட்சையில் அது தேறியதை மறைக்கக் கூடாது. என்ன தடவினாலும் சுட்ட அன்றே குழாயை வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் காட்டியே ஆக வேண்டும் என்பது தனி.

மசகைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுத் துணியை விட்டால் பாவம். அமெரிக்காவில் அவர்கள் தேடி வாங்குவது நீலக்கோடு போட்ட தலையணைத் துணி. நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தைக்குப் போடுகிற பட்டைக்கோட்டுத் துணிக்கு அது உடன்பிறப்பு. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஏறி இறங்கி மூன்று கடையில் ஒவ்வொரு மீட்டர் கிழித்து வாங்கினேன். கம்பெனி கப்பலேற்றிய துணியை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் அந்தப் பேட்டைக்கு அந்தப் பெயர். துணி வாங்க அங்கே போகாமல் எங்கே போவது? வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டியது. இரண்டு காகிதம்போல எரிந்து சாம்பலாயின. மூன்றாவது சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பு மணியாக நின்றது. பாலியெஸ்டர் கலப்பு, குழாய்க்குள் உருகி ஒட்டும், ஆகாது. நல்ல இரண்டையும் கஞ்சி போக வெந்நீரில் அலசினேன். கஞ்சி இருந்தால் துணி மசகைக் குடிக்காது. மைக்ரோமீட்டரில் வைத்தால் ஒன்று 14 தவ், மற்றது 17 தவ். ஆசைக்கு என் பழைய வேட்டியையும் அளந்தேன். 8 தவ். வேட்டி வேட்டியாகவே இருக்கட்டும்.

சுட்டபின் குழாய்க்கு முன்னால் பத்தடி, பதினைந்தடி தூரத்தில் விழுந்துகிடக்கும் வில்லைகளைப் பொறுக்கிப் பார்ப்பதுதான் உண்மையான பரீட்சை. பையன் பனியில் கிடந்தவற்றைப் பொறுக்கி, வரிசையாக ஒட்டி, படம் அனுப்பினான். நடுவில் உருண்டை உட்கார்ந்த வட்டம் சாம்பல் நிறத்தில், சுற்றிலும் பள்ளங்களின் தடம் கோடு கோடாக, ஓரம் பிசிறு விட்டு: அது நல்ல வில்லை, கழுவினால் மறுபடி சுடலாம்போல இருக்கும். நடுவில் பொத்தல் விழுந்து கருகியிருந்தால் மசகு போதவில்லை, அல்லது துணி மெலிவு. பள்ளத் தடத்தில் கத்தி வைத்ததுபோல் கிழிந்திருந்தால் குழாய் வாயின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. அதற்கு எந்த மசகும் மருந்தாகாது, லேத்காரன்தான் வேண்டும். சொதசொதவென்று எண்ணெய் வடிந்தால் மசகு அதிகம். மருந்து நனைந்து, கல் பொறி தட்டியும் குண்டு ஒரு கணம் யோசித்துக் கிளம்பும். 14 தவ் துணி எல்லா மசகிலும் கொஞ்சம் கருகியது. 17 தவ் எல்லாவற்றிலும் பிழைத்தது. மசகைப் பற்றி நடக்கும் சண்டைகளில் பாதி உண்மையில் துணியைப் பற்றியவை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இவ்வளவுக்கும் பிறகு அவனுக்கு எழுதியனுப்பியது இதுதான். இலக்குப் பலகையைச் சுடுகிற நாட்களில் பட்டறைப் பால், ஏழுக்கு ஒன்று, 17 தவ் துணி, கிடையாகக் காயவைத்தது. மறந்துபோய் வந்துவிட்டால் எச்சில் போதும், வெட்கப்பட வேண்டாம். வேட்டைக்குக் களிம்பு. அதில் ஆட்டுக் கொழுப்பா, விளக்கெண்ணெயா என்றால் என் ஓட்டு விளக்கெண்ணெய்க்கு. பனிக்கு இளக்கமாக இருக்க, மெழுகை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டுக் கொழுப்பு கடும் பனியில் கல்லாகிறது, கைச்சூட்டில் தேய்த்துத் தேய்த்துத்தான் துணியில் ஏற்ற வேண்டும். வெயில் காலத்தில் அதற்கு மரியாதை உண்டு. மானுக்கு வாடை எட்டும் என்று பையனுக்கு வேறு பயம். கடையில் டப்பாவில் விற்பதை வாங்கலாமா என்றான். வாங்கு, ஆனால் மூடியைத் திருப்பி என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படி. பெட்ரோலியம் என்றிருந்தால் வைத்துவிட்டு வா என்றேன்.

டிசம்பரில் அக்கா அவனைப் பார்க்கப் போனாள். இரண்டு களிம்பையும் இரண்டு சின்ன தகர டப்பாக்களில் ஊற்றி, ஒன்றின் மூடியில் 'ஆடு' என்றும் மற்றதில் 'விளக்கு' என்றும் எழுதிப் பெட்டியில் வைத்து அனுப்பினேன். போய்ச் சேர்ந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை அழைத்தாள். அக்கா வெள்ளி, செவ்வாய் கவிச்சி தொடமாட்டாள். முட்டை போட்ட கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்த்திவிடுவாள். பனியில் உதடு வெடித்து ரத்தம் கசிந்ததாம், பையனின் மேசையில் என் டப்பா இருந்ததாம், தடவிக்கொண்டாளாம். "இரண்டே நாளில் ஆறிவிட்டது. இன்றைக்கும் விளக்கேற்றிவிட்டு வந்து தடவிக்கொண்டேன். நீ இதையே ஊரில் விற்கலாம்" என்றாள்.

"எந்த டப்பா அக்கா?" என்று கேட்டேன்.

"மூடியில் என்னவோ எழுதியிருந்தது. எண்ணெய் பட்டு அழிந்துவிட்டது" என்றாள்.

நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.